தொட்டுப் படித்தலும் தீட்டும்: சென்னையில் பொருட்பாடத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தொடுதலைப் பற்றிப் பேசாமல் தமிழ்ச் சூழலில் அறிவியல் கல்வி பற்றிப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'பொருளைக் கையில் கொடு, பிள்ளை தானே கண்டுகொள்ளும்' என்கிற வாசகம் இன்று எல்லாத் தரப்பிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று. அடையாற்றில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியும் இதைச் சொல்கிறது. மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பயிற்சியாளரும் சொல்கிறார். அறிவியல் இயக்கத் தோழர்களும் சொல்கிறார்கள். இப்படி எல்லோரும் ஒரே குரலில் பேசுகிற இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் பொருள்? யாருடைய கை? தொடுவதே குற்றமாக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில் 'தொட்டுப் பார்' என்கிற கட்டளை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அர்த்தத்தில் போய்ச் சேர்ந்திருக்குமா?

பொருட்பாடம் என்கிற கருத்து ஐரோப்பாவில் உருவானபோது அது ஒரு பொது உடலைக் கற்பித்துக்கொண்டது. பெஸ்டலாட்ஸியைப் பின்பற்றி இங்கிலாந்தில் எலிசபெத் மேயோ 1830இல் வெளியிட்ட பாடநூலில் முதல் பாடம் கண்ணாடித் துண்டு. பிள்ளைகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ஊடே தெரிகிறது, வழவழப்பாக இருக்கிறது, உடையக்கூடியது என்று ஒவ்வொரு குணமாகச் சொல்ல வேண்டும். பிறகு ஃப்ரோபெல் வந்து பந்து, உருளை, கனசதுரம் என்று பரிசுகளை அடுக்கினார். ஐந்து புலன் எல்லோருக்கும் உண்டு, ஆகவே அறிவும் எல்லோருக்கும் உண்டு என்பது இதன் உள்ளே இருக்கிற அரசியல். பெரிய விஷயந்தான், மறுக்கவில்லை. புத்தகத்தையும் பாதிரியையும் ஓரம்தள்ளிவிட்டுக் கையை நடுவில் வைத்தது அது. ஆனால் அந்தக் கைக்குச் சாதி கிடையாது. இங்கே இறங்கியபோதோ, கைக்கு முன்னால் சாதி வந்து நின்றது.

அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொள்ளலாம். தான் உட்காருவதற்கு வீட்டிலிருந்து கோணித்துண்டு கொண்டுபோவார், சாயங்காலம் திரும்பத் தூக்கிவர வேண்டும், ஏனென்றால் பள்ளியைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டான். குழாயைத் தானே திறக்க முடியாது, பியூன் திறந்தால்தான் தண்ணீர். கோணி, குழாய் — வகுப்பறையில் இருந்த பொருட்கள்தான் இவையும். இவற்றிலிருந்து அந்தப் பிள்ளை கற்ற பாடத்தை எந்தப் பொருட்பாட நூலும் எழுதி வைக்கவில்லை.

சென்னை விஷயத்துக்கு வருவோம். கையால் படிப்பது இங்கே ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான ஒன்று என்று சொல்வதே முழு உண்மையல்ல. எழும்பூரில் ராணுவ அனாதை ஆண்பிள்ளைகள் விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரு பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் விடுதியில் அதை வைத்துக்கொண்டார். சட்டாம்பிள்ளை முறையும் அதோடு சேர்ந்தது. 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்று அது உலகம் சுற்றியது. நூறு வருஷம் போனபின் மாண்டிசோரி அம்மையாரின் உப்புத்தாள் எழுத்துகள் — அட்டையில் சொரசொரப்பாக ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவது — புதுமையாக வந்து இறங்கின. அவர் பெல்லிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய வழி வேறு, ஃபிரான்சில் இதார், செகுவான் ஆகியோர் செய்ததிலிருந்து வருவது. ஆனால் மணலை மறந்துவிட்டு உப்புத்தாளுக்கு விலை கொடுத்தோம் என்பது மட்டும் நிஜம். திண்ணைப் பள்ளியை இதற்காகத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டியதில்லை. அந்த மணலில் யார் விரல் பட்டது, யார் விரல் படவில்லை என்பது நமக்குத் தெரியும்.

அடையாற்றுக் கதை 1894இல் தொடங்குகிறது. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் அந்த வருஷம் ஊரூர்ப் பக்கத்தில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கத்தில் 1898, தேனாம்பேட்டையில் 1899, மயிலாப்பூரில் 1901 — கடைசியாகச் சொன்னதற்குத் திருவள்ளுவர் பெயர். இன்று நாம் தென்சென்னை என்று சொல்கிற வட்டாரத்தின் சேரிகள்தான் இவை. இந்தப் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்க அமெரிக்காவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்: சாரா பால்மர், கோர்ட்ரைட். இவர்கள் கொண்டுவந்தது கிண்டர்கார்டன் முறை. பறையர் பிள்ளைகளுக்கு நாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்று பொருள்படும் தலைப்பில் கோர்ட்ரைட் எழுதிய ஆசிரியர் கையேடு 1906இல் வெளிவந்தது. மதராஸில் கிண்டர்கார்டன் பேச்சு அதற்கு முன்பே இருந்தது. பெண்கள் பள்ளிகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் அதைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எண்ணிப் பார்க்க, அடுக்க, கையால் செய்ய என்று தொடங்குகிற ஒரு படிப்பைச் சேரிப் பிள்ளைக்காக யோசித்து, அதற்கொரு கையேடும் எழுதியது இங்கேதான். மாண்டிசோரி ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது 1907 ஜனவரியில். அதற்கு ஒரு வருஷம் முந்தையது ஊரூர்க் கையேடு. நான் புரட்டிய பள்ளி விழா மலர்களில் எல்லாம் கதை 1939இல் தொடங்குகிறது. இந்த 1906 எங்கேயும் வரவில்லை.

ஆல்காட்டை மகானாக்கவும் முடியாது. அந்தப் பள்ளிகள் பிள்ளையை உயர்படிப்புக்குத் தயாரிக்கவில்லை. எழுத்து, கணக்கு, கொஞ்சம் கைவேலை என்று தொடக்கநிலையோடு நிற்கிற படிப்பு; வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குப் போகிறவன் இன்னும் கொஞ்சம் நன்றாகப் போகட்டும் என்கிற கணக்கு அதில் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஆல்காட்டோடு கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவியவர். அதே பண்டிதர்தான் 'பஞ்சமர்' என்கிற பெயரை ஏற்க மறுத்து 'தமிழன்' இதழில் எழுதிக்கொண்டேயிருந்தார். அவர் சித்த வைத்தியர் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. வேர், பட்டை, பற்பம், செந்தூரம் என்று பொருட்களைத் தொட்டும் முகர்ந்தும் சுட்டும் அறிகிற ஒரு மரபு ராயப்பேட்டையில் அச்சுக்கூடத்தோடு உட்கார்ந்திருந்தது. நாலு மைல் தள்ளிச் சேரிப் பிள்ளைக்குப் பொருளை வைத்துப் பாடம் நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்து, அங்கே ஒரு வேதியியல் வகுப்பு உண்டாகியிருக்கலாம். ஆகவில்லை.

ஆல்காட் 1907 பிப்ரவரியில் இறந்தார். சபை அன்னி பெசன்ட் கைக்கு வந்தது. 1909 பிப்ரவரி 'இந்தியன் ரெவ்யூ'வில் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும் தம் 1945ஆம் வருஷ நூலில் அம்பேத்கர் நீளமாக எடுத்து வைத்திருக்கிறார். பெசன்டின் வாதம் இப்படிப் போகிறது: தலைமுறை தலைமுறையாகக் குடியும் கடுநாற்றமுள்ள தீனியும் இந்தப் பிள்ளைகளின் உடம்பைக் கெடுத்து வைத்திருக்கின்றன, தூய உணவில் வளர்ந்த பிள்ளைகளின் பக்கத்தில் வகுப்பறையில் நெருங்கி உட்கார இந்த உடம்பு தகாது, சில தலைமுறைகள் சுத்தமாக வாழட்டும், அதுவரை தனிப் பள்ளிதான்.

இதை வெறும் சாதித் திமிர் என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். எனக்கு வேறொன்று உறைக்கிறது. இந்த வாதம் புலனறிவின் மொழியில் பேசுகிறது. சாஸ்திரத்தை மேற்கோள் காட்டவில்லை, மூக்கைச் சாட்சிக்கு அழைக்கிறது. பொருட்பாடத்தின் முறையே கண்ணும் மூக்கும் விரலும் சொல்வதை நம்பு என்பதுதானே. அந்த நம்பிக்கை இங்கே திரும்பி நின்றுகொண்டது. பிள்ளை பொருளை முகர்ந்து பார்ப்பது போய், பிள்ளையே முகர்ந்து பார்க்கப்படும் பொருளாகிவிட்டது. புலன்கள் களங்கமற்றவை, அதிகாரம் எல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிற நம்முடைய அறிவியல் இயக்கச் சொல்லாடலுக்கு இந்த 1909ஆம் வருஷக் கட்டுரை ஒரு நல்ல மருந்து. மூக்குக்கும் சாதி கற்றுக்கொடுக்கப்படுகிறது.

*

மாண்டிசோரி 1939 நவம்பரில் மதராஸ் வந்தார். அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் விருந்தாளி. சபை வளாகத்தில் கீற்றுக் கொட்டகைகளில் வகுப்பு. இந்தியா முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 300 பேர் வந்து பயின்றார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அம்மையாரை வளாகத்துக்குள் கட்டுப்படுத்தி வைத்தார்கள். அவருடைய 70ஆவது பிறந்தநாளை ஒட்டி, ஆகஸ்டில், மகன் விடுவிக்கப்பட்டார். பிறகு கோடைக்கானலில் இருந்த யுத்த வருஷங்களில்தான் இலை, பூச்சி, பாறை, நட்சத்திரம் என்று இயற்கை முழுவதையும் ஒரே கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிற 'பிரபஞ்சக் கல்வி' உருத்திரண்டது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அந்த வேலையில் கூட இருந்தார்.

அவருடைய சாதனங்களை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அழகு புரியும். பத்து கனசதுரங்களில் சின்னதின் பக்கம் ஒரு சென்டிமீட்டர், பெரியதற்குப் பத்து. பிள்ளை அடுக்குவது வெறும் கோபுரம். பெரியது சின்னதைப் போல ஆயிரம் மடங்கு என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்வதற்கு ஏழெட்டு வருஷம் முன்னாலேயே அதன் தோள் அறிந்துவிடுகிறது. தொடுபலகைகளைத் தடவுவதற்கு முன் விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக்கொள்ளச் சொல்கிறார். தீட்டுக்காக இல்லை, விரல்நுனி இன்னும் கூர்மையாக உணர வேண்டும் என்பதற்காக. கழுவுதலுக்கு இப்படியொரு அர்த்தம் இருக்க முடியும் என்பதே இந்த ஊருக்குப் புதிது. மணக்குப்பிகளும் உண்டு: மூடிய புட்டிகளை முகர்ந்து ஒரே மணமுள்ள இரண்டைச் சேர்க்க வேண்டும். எந்த வளாகத்தின் தலைவர் 1909இல் மூக்கைச் சாட்சிக்கு அழைத்தாரோ, அதே வளாகத்தில் 30 வருஷம் கழித்து மூக்குக்குப் பயிற்சி.

ஆனால் புட்டியில் எது வைக்கப்படுகிறது? கிராம்பு, பட்டை, ரோஜா, காப்பி. கருவாடு வைக்கப்பட்ட புட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கூப்பிடு தூரத்தில் குப்பம். ஊரூர் ஆல்காட் குப்பம் என்றே அதற்குப் பெயர். அங்கே எந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நெத்திலிக் கருவாட்டையும் வாளைக் கருவாட்டையும் பிரித்துச் சொல்லும். அந்த மூக்கு பயிற்சி பெற்ற மூக்காகக் கணக்கில் வருவதில்லை. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று முகத்தில் படும் காற்றை வைத்துச் சொல்கிறதும், கட்டுமரம் ஏன் கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை என்று தெரிந்து வைத்திருக்கிறதும் இயற்பியலில் சேர்வதில்லை. (படகு மிதப்பது தண்ணீரை உள்ளே விடாததால். கட்டுமரம் மிதப்பது மரமே தண்ணீரைவிட லேசு என்பதால். அலை மேலேறி இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். மிதப்பு விசைக்கு இதைவிட நல்ல ஒப்பீடு உண்டா? 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து கரையை நிறைத்துவிட்டன. கட்டுமரத்தை இனி தேடித்தான் காட்ட வேண்டும்.)

மாண்டிசோரியை இதற்காகக் குற்றம் சொல்வது நியாயமில்லை. செகுவானின் சாதனங்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவை; அவர் அவற்றைச் சேரிக்குக் கொண்டுபோனார். ஒதுக்கப்பட்டவர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு முறை, வென்றதும் வசதியுள்ளவர்களின் உடைமையாகிவிடுவது உலகம் பூராவும் நடந்ததுதான். சென்னையில் அது ஒரே கிலோமீட்டருக்குள் நடந்தது என்பதுதான் விசேஷம்.

*

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், வரவும் வேண்டும். 'அப்போ குப்பத்துப் பையனுக்கு வலையையும், சக்கிலியப் பையனுக்குத் தோலையும் கொடுத்துப் படிக்கச் சொல்றீங்களா? ராஜாஜியும் அதைத்தானே சொன்னார்?' ஆமாம், 1953இல் அதைத்தான் சொன்னார். மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தெருவுக்கு வந்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போயிற்று. (தி.நகரில் ராஜாஜி பின்னாளில் வாழ்ந்த பசுல்லா சாலைக்கும் காமராஜர் வீடு இருக்கிற திருமலைப் பிள்ளை சாலைக்கும் நடந்தே போய்விடலாம்.) அந்தப் போராட்டம் சரியானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அது விட்டுச்சென்ற ஒரு பின்விளைவும் உண்டு. உழைப்பின் பொருட்களை வகுப்பறைக்குள் கொண்டுவருவது என்றாலே குலக்கல்வி வாசம் அடிக்கிறது என்று முற்போக்காளர்களும் ஒதுங்கினோம். விளைவு, கண்ணாடிக் குழாயும் லிட்மஸ் தாளும் மட்டுமே அறிவியல் பொருட்கள் என்று ஆனது. சாதியற்றவை என்று நம்பப்பட்ட பொருட்கள்.

குலக்கல்வி அந்தந்தச் சாதிப் பிள்ளையை அந்தந்தப் பொருளோடு கட்டிப்போட்டது. பொருளைச் சாதியிலிருந்து அவிழ்த்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் வைப்பது அதற்கு நேர் எதிரான காரியம். தோல் சேரிப் பிள்ளைக்கு மட்டும் பாடமானால் குலக்கல்வி. மயிலாப்பூர்ப் பிள்ளைக்கும் பாடமானால் வேதியியல். காஞ்சா அய்லய்யா 2007இல் பிள்ளைகளுக்காக எழுதிய உழைப்பின் மாண்பு பற்றிய நூல் இந்தத் திசையில் ஒரு நல்ல முயற்சி. தோல் பதனிடுபவரும் குயவரும் வண்ணாரும் அதில் அறிவாளிகளாக வருகிறார்கள். பள்ளிப் பாடத்திட்டம் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தோலையே எடுத்துக்கொள்வோம். நாவல் பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, வாழைக்காய்த் துவர்ப்பு வாயை உலர்த்துகிறதே, அது என்ன? அதிலுள்ள டானின் எச்சிலில் இருக்கிற புரதத்தோடு போய் ஒட்டி அதைத் திரட்டிவிடுகிறது. எச்சிலின் வழவழப்புப் போய்விடுகிறது. ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் மாட்டுத் தோலைப் போடும்போது நடப்பதும் இதுதான். பட்டையிலிருந்து இறங்கும் டானின் தோலிலுள்ள கொலாஜன் இழைகளைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. கட்டாத தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் தகரம் மாதிரி விறைக்கும். கட்டிய தோல் இரண்டும் செய்யாது. டானின் குறிப்பாகப் பற்றிக்கொள்வது புரோலின் என்கிற அமினோ அமிலம் நிறைந்த புரதங்களை. எச்சிலிலும் அது உண்டு, தோலிலும் உண்டு. அதாவது எல்லாச் சாதிப் பிள்ளையின் நாக்குக்கும் தோல் பதனிடும் வேதியியல் ஏற்கெனவே தெரியும். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம் பட்டையில் போட்டு, கடுக்காயில் முடிக்கிற இந்த முறையில் பதனிட்ட தோல்தான் மதராஸ் மாகாணத்திலிருந்து 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நம் மின்சார ரயில் நிற்கிற குரோம்பேட்டையின் பெயரிலேயே குரோமியம் இருக்கிறது, ஒரு தோல் ஆலையால் வந்த பெயர். அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனையும் கண்ணெதிரில் இருந்தும், நாவல் பழத்தையும் ஆவாரம் பட்டையையும் ஒப்பிட்டுச் சொல்கிற பாடநூல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

மயிலாப்பூருக்குத் தோல் அந்நியமும் இல்லை. மார்கழி பூராவும் அது மேடையில் இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை பற்றி சி.வி. ராமன் எழுதியது இயற்பியலில் பெயர்பெற்ற ஒன்று: சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, மிருதங்கத்தில் நடுவிலே கல்பொடியும் சோறும் கலந்து படிப்படியாகப் பூசிய கரணை, தோலின் எடையை மாற்றி, அந்த மேற்சுரங்களைக் கம்பி வாத்தியத்தில் வருகிற மாதிரி ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. 1920இல் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு, 1934இல் விரிவான கட்டுரை. கரணையை எங்கே தடிப்பாக, எங்கே மெலிதாகப் பூசுவது என்று கைக்கணக்கில் கண்டறிந்தவர்கள் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் தொட்டு வேலை செய்கிற, பெரும்பாலும் தலித் கிறித்தவர்களான வாத்தியக்காரர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதி 2020இல் வெளியிட வந்தபோது, ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ரா அரங்கு தருவதாகச் சொல்லிவிட்டு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் இதழியல் கல்லூரியில் நடந்தது. மாண்டிசோரியை வரவேற்ற கைகள் தொடங்கிய நிறுவனம் அது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

சாதனங்கள் சேரிக்குத் திரும்பி வராமலும் இல்லை. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். வேலூரில் ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக ரிஷிவேலி முறையைக் கையாண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. 2007–08இல் தமிழகம் முழுதும் அது பரவியது. பாய் விரித்துத் தரையில் உட்காருவது, கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, ஏணிப்படி, மாண்டிசோரி மணிகள். 'எங்க பிள்ளைய மட்டும் தரையில உக்கார வைக்கிறாங்க' என்று கேட்ட தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டது தவறில்லை; கட்டணப் பள்ளியில் தரை என்பது முறை, மாநகராட்சிப் பள்ளியில் தரை என்பது தரை. பெரிய காரியந்தான் அது. ஆனால் மாநிலம் முழுக்க அச்சடித்து அனுப்ப வேண்டியிருந்ததால் பொருள் மெல்ல மெல்ல அட்டையாகிவிட்டது. இலைக்குப் பதில் இலைப் படம், தராசுக்குப் பதில் தராசுப் படம். அட்டையைத் தொடுவதில் யாருக்கும் தீட்டில்லை.

சில வருஷங்களுக்கு முன் தென்சென்னையில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் ஆவாரம் பட்டை, கடுக்காய், நாவல் பழம், பதனிட்டுச் சாயமேற்றாத ஒரு முழத் தோல் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சுற்றுக்கு விட்டேன். பட்டையும் பழமும் கை மாறின. தோல் இரண்டாவது வரிசையில் நின்றுவிட்டது. 'சார், கவர்ல போட்டுக் கொண்டாந்திருக்கலாமே' என்றார் ஒருவர். காலில் தோல் செருப்பு. இன்னொருவர் எழுந்து வந்து அதை வாங்கி, மடக்கி, முகர்ந்து பார்த்து, 'எங்க தாத்தா வேலை செஞ்ச இடத்துல இந்த வாசம்தான் இருக்கும்' என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கேள்விகள் வந்தன, நல்ல கேள்விகள்: குரோமியத்தில் பதனிட்டால் ஏன் சீக்கிரம் முடிகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, வாணியம்பாடிக் கிணறுகள் என்ன ஆயின என்று. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நடத்தியவர்கள் பின்னால் அனுப்பிய அறிக்கையில் அன்றைய அமர்வு 'கைவினைப் பயிற்சி' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.